கிளியர், லிஃப்ட், லெட்: பேட்மின்டன் சொற்களை எந்த வரிசையில் கற்பது?

கேள்வி: விளையாடத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. கோர்ட்டில் கிளியர், லிஃப்ட், டாஸ், ட்ராப், லெட் என்று ஆளுக்கொன்றாகக் கத்துகிறார்கள். பாதி விளங்கவில்லை. இந்தச் சொற்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் கிடைக்குமா?

பட்டியல் கிடைக்கும், ஆனால் அதை மனப்பாடம் செய்து கோர்ட்டில் இறங்கினால் கைகொடுக்காது. பேட்மின்டனில் ஷாட்டுகளின் பெயர்கள் பெரும்பாலும் கை எப்படி வீசியது என்பதைச் சொல்வதில்லை. ஷட்டில் எங்கிருந்து கிளம்பியது, எவ்வளவு உயரத்தில் போனது, எங்கே விழுந்தது என்பதைத்தான் சொல்கின்றன. எனவே தரையில் உள்ள கோடுகளை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு மேலே ஷட்டில் போகும் பாதைகள் அடுத்து. சர்வீஸ், ஸ்கோர் எல்லாம் அதற்குப் பிறகு.

கோர்ட்டின் நீளம் 13.40 மீட்டர். அகலம் இரட்டையர் ஆட்டத்துக்கு 6.10 மீட்டர், ஒற்றையருக்கு 5.18 மீட்டர். இரு ஓரத்திலும் 46 செ.மீ. அகலத்தில் ஓடும் பட்டைக்கு டிராம்லைன் என்று பெயர்; ஒற்றையரில் அங்கே விழுந்தால் அவுட். வலை ஓரங்களில் 1.55 மீட்டர், நடுவில் 1.524 மீட்டர். நடுவில் கொஞ்சம் தாழ்ந்திருப்பதைப் பார்த்து ‘வலை தொய்ந்துவிட்டது’ என்று இழுத்துக் கட்ட வேண்டாம், விதியே அப்படித்தான். வலையிலிருந்து 1.98 மீட்டரில் இருப்பது ஷார்ட் சர்வீஸ் லைன். கடைசிக் கோடு பேக் பவுண்டரி லைன். அதற்கு 76 செ.மீ. உள்ளே இன்னொரு கோடு இருக்கிறதே, புதியவர்களைக் குழப்புவது அதுதான். அது இரட்டையர் ஆட்டத்தின் லாங் சர்வீஸ் லைன். சர்வீஸ் போடும் அந்த ஒரு அடிக்கு மட்டுமே பொருந்தும். சர்வீஸ் எடுக்கப்பட்ட பிறகு அந்தக் கோடு இல்லாதது மாதிரியே ஆட வேண்டும்.

ஆக, சர்வீஸ் விழ வேண்டிய கட்டம் ஒற்றையரில் ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருக்கும், இரட்டையரில் அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும். இதை ஒருமுறை கோர்ட்டில் நடந்து பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. கோடுகள் 4 செ.மீ. தடிமன் கொண்டவை, தாம் சுற்றும் கட்டத்துக்கே சொந்தம். கோட்டில் பட்டால் ‘இன்’. பார்க்க வேண்டியது கார்க், அதாவது ஷட்டிலின் உருண்டையான அடிப்பாகம், முதலில் தொட்ட இடம். சறுக்கிப் போய் நின்ற இடமல்ல.

வலைக்கு அருகே முன் கோர்ட், கடைசிக் கோட்டை ஒட்டிப் பின் கோர்ட், இடையில் நடு கோர்ட். இந்த மூன்று சொற்களை வைத்தே ஷாட்டுகளைச் சொல்லிவிடலாம்.

கிளியர் என்பது பின் கோர்ட்டிலிருந்து, தலைக்கு மேலே எடுத்து, எதிராளியின் பின் கோர்ட்டுக்கு அனுப்புவது. லிஃப்ட்டும் அதே பின் கோர்ட்டுக்குத்தான் போகிறது, ஆனால் கிளம்பும் இடம் வேறு: முன் கோர்ட்டிலோ நடு கோர்ட்டிலோ, வலை உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்ட ஷட்டிலைக் கீழிருந்து மேலே தூக்குவது. சேருமிடம் ஒன்று, புறப்படுமிடம் இரண்டு. அதனால் பெயரும் இரண்டு. லாப் என்று சிலர் சொல்வதும் லிஃப்ட்டைத்தான். டாஸ் என்ற சொல்லோடு கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். ஒருவர் கிளியரை டாஸ் என்பார், இன்னொருவர் லிஃப்ட்டை டாஸ் என்பார், ஆட்டத்துக்கு முன் நாணயம் சுண்டுவதும் டாஸ்தான். பயிற்சியாளர் ‘டாஸ் போடு’ என்றால் எதைச் சொல்கிறார் என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

கிளியரில் இரண்டு வகை. டிஃபென்சிவ் கிளியர் உயரமாகப் போய்க் கடைசிக் கோட்டருகே செங்குத்தாக இறங்கும். நிலை தடுமாறிய நேரத்தில் மூச்சு வாங்க அவகாசம் தரும். அட்டாக்கிங் கிளியர் எதிராளியின் ராக்கெட்டுக்குச் சற்று மேலே தட்டையாகப் பறந்து அவரைத் தாண்டும். புதியவர்களின் கிளியர் வழக்கமாக நடு கோர்ட்டிலேயே விழுந்துவிடும், அடுத்த நொடி எதிராளி அதை ஸ்மாஷ் செய்துவிடுவார். இதற்குப் பலக் குறைவு காரணமாக இருப்பது அரிது. ஷட்டில் தலைக்குப் பின்னே போன பிறகு அடிப்பதால் விசை முழுவதும் மேல்நோக்கியே போய்விடுகிறது, ஆழம் கிடைப்பதில்லை. ராக்கெட் பிடித்த தோளுக்கு மேலே, உடலுக்குச் சற்று முன்னால் தொட வேண்டும். அதற்குக் கால்கள் சீக்கிரமே பின்னால் போயிருக்க வேண்டும்.

ட்ராப், கிளியர் அடிப்பது போன்ற அதே வீச்சில் தொடங்கி, பின் கோர்ட்டிலிருந்து எதிராளியின் முன் கோர்ட்டில் விழுவது. ஸ்லோ ட்ராப் வலையைத் தாண்டியதும் ஷார்ட் சர்வீஸ் லைனுக்கு உள்ளேயே இறங்கும். ஃபாஸ்ட் ட்ராப் கொஞ்சம் வேகமாகப் போய் அந்தக் கோட்டைத் தாண்டி விழும். எதிராளிக்கு ஓட நேரம் குறைவு, ஆனால் அவருக்கு அருகிலேயே விழும். வலையருகே இருந்து வலையருகே போடுவதை ட்ராப் என்று சொல்லாதீர்கள், அது நெட் ஷாட். ஷட்டில் வலையின் மேல் நாடாவுக்கு எவ்வளவு அருகில் இருக்கும்போது தொடுகிறீர்களோ அவ்வளவுக்கு நெட் ஷாட் நன்றாக அமையும். கார்க்கின் அடியில் ராக்கெட்டை லேசாக வழுக்க விட்டால் ஷட்டில் தலைகீழாகப் புரண்டு புரண்டு போகும். அதுதான் ஸ்பின் நெட். கார்க் மறுபடி முன்னால் வரும்வரை எதிராளி காத்திருக்க வேண்டியிருக்கும், அதற்குள் ஷட்டில் தாழ்ந்துவிடும், அவருக்கு லிஃப்ட் தவிர வேறு வழி குறைவு.

வலைக்கு மேலே சற்றே எழும்பி வந்ததை அங்கேயே கீழே தட்டுவது கில். பெரிய வீச்சு தேவையில்லை, வீசினால் ராக்கெட் வலையில் பட்டுப் புள்ளி போகும். ஷட்டிலை உங்கள் பக்கத்தில் தொட்டிருந்தால், அடியின் தொடர்ச்சியாக ராக்கெட் வலைக்கு மேலாக அந்தப் பக்கம் போவது தவறல்ல. எதிராளி பக்கத்திலேயே தொட்டால்தான் தவறு. டிரைவ் என்பது வலை உயரத்தை ஒட்டித் தரைக்கு இணையாகப் பாய்வது. புஷ், வலையருகிலிருந்து நடு அல்லது பின் கோர்ட்டுக்குத் தட்டையாகத் தள்ளுவது. பிளாக், வரும் ஸ்மாஷின் வேகத்தையே பயன்படுத்தி ராக்கெட்டைத் தளர்வாகக் காட்டி முன் கோர்ட்டில் விழச் செய்வது. பிளாக் வலையை விட்டு எழும்பிப் போகிறது என்றால் அநேகமாகப் பிடி இறுகியிருக்கிறது.

ஸ்மாஷ் எல்லாருக்கும் தெரியும்: தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கி வேகமாக. எகிறி அடித்தால் ஜம்ப் ஸ்மாஷ். முழு வேகம் இல்லாமல் செங்குத்தாக இறக்கினால் ஹாஃப் ஸ்மாஷ். சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியின் மணிக்கு 565 கி.மீ. ஸ்மாஷ் 2023-இல் கின்னஸ் சாதனையாகப் பதிவானது. அது போட்டியில் அல்ல, அளவெடுப்பதற்காகவே நடந்த சோதனையில். அந்த வேகமும் ராக்கெட்டை விட்டுக் கிளம்பும் கணத்துக்குரியது. இறகுகளின் காற்றுத் தடையால் எதிராளியிடம் வரும்போது வெகுவாகக் குறைந்திருக்கும். பேட்மின்டன் விளையாட முடிவதே அதனால்தான்.

இனி ஒரு ராலியை, அதாவது சர்வீஸில் தொடங்கிப் புள்ளி முடியும்வரை நடக்கும் அடிகளை, இந்தச் சொற்களில் படித்துப் பாருங்கள். இரட்டையர் ஆட்டம்: லோ சர்வ் (வலையை ஒட்டிப் போகும் தாழ்வான சர்வீஸ்), எடுப்பவர் நெட் ஷாட் வைக்கிறார், சர்வ் போட்டவருக்கு ஷட்டில் தாழ்ந்து கிடைக்கிறது, லிஃப்ட், எதிரணி ஸ்மாஷ், இவர்கள் பிளாக், எதிரணியில் முன்னால் நிற்பவர் அதை நாடாவுக்கு மேலேயே பிடித்து கில். ஆறு அடிகள். தூக்கிக் கொடுத்தவர் அடி வாங்குகிறார் என்பது விளங்கும். இரட்டையரில் ‘லிஃப்ட் பண்ணாதே’ என்று பின்னாலிருந்து கத்துவதும் இதனால்தான். அட்டாக்கில் இருக்கும் அணி முன்னும் பின்னுமாக நிற்கும். தூக்கிக் கொடுத்த அணி பக்கம் பக்கமாகப் பிரியும். இப்படி மாறி மாறி இடம் பிடிப்பதை ரொட்டேஷன் என்கிறார்கள்.

சர்வீஸில் சொற்கள் குறைவு, தகராறு அதிகம். லோ சர்வ் வலையை உரசுகிறாற்போலப் போய் ஷார்ட் சர்வீஸ் லைனை ஒட்டி விழும். ஹை சர்வ் ஒற்றையரில் கடைசிக் கோட்டுக்கு உயரமாக. ஃபிளிக் சர்வ், லோ சர்வ் போலவே தொடங்கிக் கடைசிக் கணத்தில் எதிராளியின் தலைக்கு மேல் தூக்கிவிடுவது. வாரத்துக்கு ஒருமுறை வேலை செய்யும் தந்திரம் அது. நாலு முறை தொடர்ந்து போட்டால் அவர் காத்திருந்து அடிப்பார். ஷட்டிலை அடிக்கும் கணத்தில் அது முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது 2018-இல் வந்த விதி. அதற்கு முன் இடுப்புக்குக் கீழே என்று இருந்தது, விதியில் இடுப்பு என்றால் கடைசி விலா எலும்பின் மட்டம். கோர்ட்டில் அளவுகோல் யாரும் வைத்திருப்பதில்லை என்பதால் நண்பர்கள் ஆட்டத்தில் இன்றும் பழைய கணக்கையே பார்ப்பார்கள், பெரிய தவறில்லை.

அதைவிட அடிக்கடி நடக்கும் சர்வீஸ் ஃபால்ட்டுகள், அதாவது தவறுகள், வேறு. கோட்டை மிதித்தபடி நிற்பது. அடித்து முடியும்முன் காலைத் தூக்குவது அல்லது நகர்த்துவது. இரு பாதங்களிலும் ஒரு பகுதியாவது அசையாமல் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வரத் தொடங்கிய ராக்கெட்டை நடுவில் நிறுத்தி ஏமாற்றுவது. கார்க்குக்குப் பதில் இறகில் முதலில் அடிப்பது. விரலால் இறகைத் திருகிவிட்டு அடிக்கும் ஸ்பின் சர்வீஸை 2023-இல் உலக பேட்மின்டன் கூட்டமைப்பு தடை செய்தது. இன்னொன்றும் உண்டு: சர்வீஸ் அடிபடும்வரை எடுப்பவரும் காலை நகர்த்தக் கூடாது. இதை யாரும் கவனிப்பதில்லை, சர்வ் போடுபவரை மட்டுமே குறை சொல்வார்கள்.

டென்னிஸ் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு திருத்தம். சர்வீஸ் வலையைத் தொட்டுவிட்டுச் சரியான கட்டத்தில் விழுந்தால் அது நல்ல சர்வீஸ்; திரும்பப் போடுவதெல்லாம் இல்லை.

ஸ்கோருக்கு வருவோம். புள்ளி, கேம், மேட்ச் என்று மூன்று படிகள். ‘செட்’ என்று பேச்சில் சொல்கிறோம், விதிப்புத்தகச் சொல் கேம். மூன்று கேமில் இரண்டை வென்றவருக்கு மேட்ச். 2006-இல் வந்த 21 புள்ளி முறையில், யார் சர்வ் போட்டாலும் ராலியை வென்றவருக்குப் புள்ளி. 20-20 ஆனால் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும்; 29-29 வரை போய்விட்டால் 30-ஆவது புள்ளியை எடுத்தவர் வெற்றி. முன்னணியில் இருப்பவர் 11-ஐத் தொட்டதும் அதிகபட்சம் 60 விநாடி இடைவேளை, கேம்களுக்கு நடுவே 120 விநாடி. மூன்றாவது கேமில் 11-இல் பக்கம் மாற வேண்டும்.

பூஜ்யத்துக்கு ‘லவ்’. நடுவர் ‘லவ் ஆல், ப்ளே’ என்றால் ஆட்டம் தொடங்கிவிட்டது. ஸ்கோரில் எப்போதும் சர்வ் போடுபவரின் எண்தான் முதலில் வரும். சர்வீஸ் கை மாறும்போது ‘சர்வீஸ் ஓவர்’ என்று சொல்லிவிட்டுப் புதிய சர்வர் பக்கத்து எண்ணை முதலில் சொல்வார். நண்பர்கள் ஆட்டத்தில் இந்த ஒழுங்கை விட்டுவிடுவதால்தான் பாதியில் ‘எவ்வளவு ஓடுது?’ என்று சண்டை வருகிறது.

சர்வ் போடுபவரின் புள்ளி இரட்டைப்படை என்றால் வலது கட்டத்திலிருந்து, ஒற்றைப்படை என்றால் இடது கட்டத்திலிருந்து. பூஜ்யம் இரட்டைப்படைக் கணக்கில். ஒற்றையரில் இதோடு முடிந்தது. இரட்டையரில்தான் ஆட்கள் தொலைந்து போகிறார்கள், ஆகவே நாலு ராலியை நிதானமாகப் பார்ப்போம். ஒரு பக்கம் மணி, ரவி. எதிரே பாபு, சேகர். மணியும் பாபுவும் தத்தம் வலது கட்டத்தில். 0-0: மணி வலதிலிருந்து குறுக்கே பாபுவுக்குப் போடுகிறார், மணி பக்கம் வெல்கிறது. 1-0: மணியும் ரவியும் இடம் மாறுகிறார்கள். அதே மணி, இப்போது இடதிலிருந்து சேகருக்குப் போடுகிறார். இம்முறை பாபு பக்கம் வெல்கிறது. 1-1, சர்வீஸ் ஓவர். யாரும் இடம் மாறக் கூடாது. பாபு பக்கத்தின் புள்ளி 1, ஒற்றைப்படை. எனவே இடது கட்டத்தில் இருக்கும் சேகர் போட வேண்டும். எடுப்பவர் எதிரே இடது கட்டத்தில் இருக்கும் மணி. சேகர் பக்கமே மறுபடி வென்றால் 2-1, சேகரும் பாபுவும் இடம் மாறிச் சேகர் வலதிலிருந்து ரவிக்குப் போடுவார்.

நாலு ராலியிலும் ஒரே விதிதான் வேலை செய்திருக்கிறது: தங்கள் சர்வீஸில் புள்ளி எடுத்த அணி மட்டுமே இடம் மாறும். சர்வீஸை எடுக்கும் அணி ஒருபோதும் மாறாது. குழப்பம் வந்தால் கடைசியாகத் தங்கள் பக்கம் யார் எந்தக் கட்டத்திலிருந்து சர்வ் போட்டார் என்பதை நினைவுபடுத்தினால் மீண்டுவிடலாம். ராலி நடக்கும்போது யார் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

லெட்டும் ஃபால்ட்டும் எதிரெதிர். ஃபால்ட் என்றால் புள்ளி போயிற்று. லெட் என்றால் அந்த ராலி நடக்கவே இல்லை என்று வைத்து மறுபடி அதே ஆள் சர்வ் போடுவது. பக்கத்து கோர்ட்டு ஷட்டில் உள்ளே வந்துவிட்டது, எடுப்பவர் தயாராகும்முன் சர்வ் போட்டாயிற்று, ஆட்டத்தின் நடுவே கார்க் தனியாகப் பிய்ந்து போயிற்று: இவை லெட். தயாராக இல்லை என்பவர் சர்வீஸை எடுக்க முயன்றிருந்தால் தயாராக இருந்ததாகவே கணக்கு. ஷட்டில் வலையில் மாட்டிக்கொண்டால் லெட், ஆனால் சர்வீஸே மாட்டிக்கொண்டால் ஃபால்ட். ராக்கெட்டோ உடலோ உடையோ வலையில் பட்டால் ஃபால்ட். ஷட்டில் ஆளின் மேல் பட்டாலும் ஃபால்ட்தான், அவர் கோர்ட்டுக்கு வெளியே நின்று ‘அவுட்’ என்று கத்திக்கொண்டிருந்தாலும். ராக்கெட்டின் ஃபிரேமில் பட்டு அந்தப் பக்கம் விழுந்தது செல்லுமா என்று அடிக்கடி கேட்பார்கள், செல்லும். ஒரே வீச்சில் ஃபிரேமிலும் நரம்பிலும் பட்டாலும் செல்லும். இரண்டு தனி வீச்சுகளாக அடித்தால், அல்லது நீங்கள் தொட்டதைக் கூட்டாளியும் தொட்டால் செல்லாது.

பொருள்களின் பெயர்கள் கடைக்குப் போகும்முன் தெரிந்தால் போதும். ராக்கெட் எடையை யூ என்ற எழுத்தால் குறிப்பார்கள்: 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ 80 முதல் 84; எண் கூடக் கூட எடை குறையும். ஹெட் ஹெவி என்றால் எடை தலைப்பக்கம், ஹெட் லைட் என்றால் கைப்பக்கம். நரம்பின் இழுவிசை டென்ஷன், பவுண்டில் சொல்வார்கள். தொடக்கக்காரருக்கு 20 முதல் 24 போதும். கூடுதலாக இழுத்தால் ஸ்வீட் ஸ்பாட், அதாவது நன்றாக அடிபடும் நடுப்பகுதி, சுருங்கிவிடும்.

இறகு ஷட்டிலில் 16 இறகுகள், எடை 4.74 முதல் 5.50 கிராம். டப்பாவில் 76, 77, 78 என்று இருப்பது வேகம். வெயில் காலத்திலும் உயரமான இடங்களிலும் காற்று லேசாகி ஷட்டில் நீளமாகப் பறக்கும், அப்போது சிறிய எண்; குளிரில் பெரிய எண். நைலான் ஷட்டிலில் கார்க்கைச் சுற்றிய பட்டை பச்சை என்றால் மெது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். வேகம் சரியா என்று பார்க்கக் கடைசிக் கோட்டில் நின்று கீழிருந்து முழு வீச்சில் நேராக அடியுங்கள். எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டுக்கு 53 முதல் 99 செ.மீ. உள்ளே விழுந்தால் சரியான ஷட்டில்.

காலுக்கான சொற்களில் இரண்டை முதலில் பழகுங்கள். ஸ்ப்ளிட் ஸ்டெப்: எதிராளி அடிக்கும் நொடியில் இரு காலையும் சற்று அகட்டி எடுக்கும் சிறு துள்ளல், இது இல்லாவிட்டால் முதல் அடி எப்போதும் தாமதமாகும். லஞ்ச்: முன்னால் எட்டி வைக்கும் நீண்ட கடைசி அடி, ராக்கெட் பிடித்த கைப்பக்கக் காலால். குதிகால் முதலில் பதிய வேண்டும், பாதமும் முழங்காலும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். பாதம் உள்ளே திரும்பியிருந்தால் முழங்கால் முறுகும்; வலையருகே வரும் காயங்களில் பல இப்படி வருபவை.

கடைசியாக ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்கை: ரிஸ்ட். ‘மணிக்கட்டைப் பயன்படுத்து’ என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டு மணிக்கட்டை முன்னும் பின்னும் மடக்கினால் வலிதான் மிஞ்சும். உண்மையில் வேகம் தருவது முன்கையின் சுழற்சி, சாவியைத் திருப்புவது போல. ராக்கெட்டைத் தோசைக்கல்லைப் பிடிப்பது போலத் தட்டையாகப் பிடித்தால் அந்தச் சுழற்சிக்கு இடமே இருக்காது. வலையருகே கில் அடிக்க மட்டும் அந்தப் பிடி, பேன்ஹேண்டில் கிரிப், உதவும். ஃபோர்ஹேண்டுக்குக் கை குலுக்குவது போலப் பிடித்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஆங்கில வி வடிவம் வருகிறதா என்று பாருங்கள். பேக்ஹேண்டுக்குக் கட்டை விரலைக் கைப்பிடியின் அகலமான பக்கத்தில் பதியுங்கள். இரண்டுக்கும் நடுவே மாறி மாறி, ஷட்டில் இல்லாமல், ராக்கெட்டை விரலால் உருட்டிப் பழக ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். அடிக்கும் கணத்தில் மட்டும் பிடி இறுக வேண்டும், மற்ற நேரமெல்லாம் யாராவது உருவினால் ராக்கெட் கையை விட்டு வந்துவிடும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும்.